பரங்கிக்காய் மெழுகுவர்த்தி: வீட்டுக்குச் செஞ்சா எவ்வளவு, வித்தா எவ்வளவு? முழுக் கணக்கு



அக்டோபர் வந்தாலே ரீல்ஸ் முழுக்க ஆரஞ்சு கலர்தான். குடைஞ்ச பூசணிக்காய், உள்ளே மெழுகு, நடுவுல திரி, பக்கத்துல நாலு காய்ஞ்ச இலை. கீழே ஒரு வரி: "50 ரூபாய் செலவு, 500 ரூபாய்க்கு விக்கலாம்!"

இதைப் பார்த்துட்டு நம்ம சேனலுக்கு ரெண்டு வகையான கேள்வி வருது. ஒண்ணு, "கொலுவுக்கும் தீபாவளிக்கும் வீட்டுல வைக்க இதைச் செஞ்சா காசு மிச்சமாகுமா?" இன்னொண்ணு, "கைக்கு 35,000 சம்பளம் வருது. இதை சைட் இன்கமா பண்ணலாமா? 18,000 ரூபாய்க்கு ஸ்டார்ட்டர் கிட் ஒண்ணு இருக்கு, கிரெடிட் கார்டுல போட்டுடலாமா?"

முதல் கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா நூறு இருநூறு ரூபாய் போகும். ரெண்டாவதுக்குத் தப்பா முடிவு எடுத்தா அரை மாச சம்பளம் போகும், மேல வட்டியும் வரும். அதனால இன்னைக்கு ரெண்டையும் பேப்பர்ல போட்டுப் பார்த்துடுவோம். வீடியோவுல வேகமா சொன்ன கணக்கை இங்க நிதானமா எழுதியிருக்கேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன். இதுல வர்ற விலையெல்லாம் கணக்குப் போட வசதியா எடுத்துக்கிட்ட ரவுண்டு நம்பர். கடைக்குக் கடை மாறும். உங்க ஏரியா விலையைப் போட்டு அதே கணக்கை நீங்களும் ஒரு தடவை போடுங்க. நம்பர் மாறினாலும் கணக்குப் போடுற முறை மாறாது.

நம்ம ஊருக்கு இலையுதிர் காலம் ஏது?

கோட்டூர்புரத்துல அக்டோபர்ல இலை உதிராது, மழைதான் உதிரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குற நேரம் அது. தமிழ்ல ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசத்துக்கும் கூதிர்காலம்னு பேர். வடமொழியில இதை ஒட்டி வர்ற பருவம்தான் சரத் ருது. சாரதா நவராத்திரிங்கற பேரே அதுல இருந்து வந்ததுதான். ஆக, நமக்கு ஆட்டம் டெக்கரேஷன்னா அது கொலு, ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை தீபம். விளக்கு வைக்கறதுக்கு நம்மகிட்ட காரணம் குறையவே இல்லை.

காய்ல விளக்கு ஏத்தறதும் நமக்குப் புதுசு கிடையாது. துர்க்கைக்கு ராகு காலத்துல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, தோலைத் திருப்பி விளக்கு ஏத்துவாங்க. தேய்பிறை அஷ்டமிக்கு பைரவர் சந்நிதியில வெண்பூசணியை ரெண்டா வெட்டி, குடைஞ்சு, எண்ணெய் ஊத்தி திரி போடுவாங்க. தேங்காய் மூடியிலயும் ஏத்தறாங்க.

அமெரிக்காவுல பூசணிக்காய் விளக்கு வந்த கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். அயர்லாந்துல முதல்ல டர்னிப் கிழங்கைக் குடைஞ்சுதான் விளக்கு வெச்சாங்க. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவங்க, அந்த சீசன்ல அந்த ஊர்ல பூசணிக்காய் கொட்டிக் கிடந்ததால அதுக்கு மாறிட்டாங்க. இதுல ஒரு காசு பாடம் இருக்கு: எந்த ஊர்ல எது சீசன்ல சல்லிசா கிடைக்குதோ, அதுதான் அந்த ஊர் விளக்கு. ரீல்ஸ்ல வர்ற குட்டி ஆரஞ்சு பூசணியைத் தேடி சூப்பர் மார்க்கெட்ல காசைக் கொட்டறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்குங்க. நம்ம காய்கறிக் கடையில கிடைக்கற சின்னப் பரங்கிக்காய் போதும். ஆயுத பூஜை நேரத்துல வெண்பூசணிக்குத்தான் கிராக்கி ஏறும். அதனால அந்த வாரத்துல மஞ்சள் பரங்கி பக்கமே இருங்க.

ஒரே மெழுகுவர்த்தி, ரெண்டு விலை

பரங்கிக்காய் மெழுகுவர்த்தியை ரெண்டு விதமா செய்யலாம். பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். செலவு மட்டும் இரண்டரை மடங்கு வித்தியாசம்.

முறை 1: பரங்கியைக் குடைஞ்சு நேரா மெழுகு ஊத்தறது. ஒரு கிலோ காயைக் குடைஞ்சா உள்ளே சுமார் 350 மில்லி இடம் கிடைக்கும்னு வெச்சுக்குவோம். மெழுகு தண்ணியை விட லேசு. 1 மில்லிக்கு சுமார் 0.9 கிராம். அப்போ 315 கிராம் மெழுகு வேணும்.

- சோயா மெழுகு (கிலோ 300 ரூபாய்) 315 கிராம்: 94.50
- வாசனை எண்ணெய் 6 சதவீதம், அதாவது 18.9 கிராம் (100 கிராம் 250 ரூபாய்): 47.25
- தடிமனான திரி: 5
- பரங்கிக்காய்: 30
- மொத்தம்: சுமார் 177 ரூபாய்

முறை 2: 120 மில்லி பிடிக்கற சின்னக் கண்ணாடி டம்ளர்ல 100 மில்லி அளவுக்கு மெழுகு ஊத்தி, அந்த டம்ளரைக் குடைஞ்ச பரங்கிக்குள்ள இறக்கி வைக்கறது.

- சோயா மெழுகு 90 கிராம்: 27
- வாசனை எண்ணெய் 5.4 கிராம்: 13.50
- திரி: 3
- கண்ணாடி டம்ளர்: 25
- கேஸ்: 1.50
- மொத்தம்: 70 ரூபாய்

ரெண்டாவது முறையில பரங்கிக்காய் விலையைச் சேர்க்கலையேன்னு கேட்பீங்க. சேர்க்கத் தேவையில்லை. குடைஞ்ச சதை கூட்டுக்கோ சாம்பாருக்கோ போயிடும், விதையைக் கழுவிக் காயவெச்சு வறுத்துக்கலாம். தோல் கூடு மட்டும்தான் அலங்காரத்துக்கு. நேரா ஊத்தற முறையிலயும் சதையைச் சமைக்கலாம்தான். ஆனா அந்த 30 ரூபாயைக் கழிச்சாலும் செலவு 147 வருது.

இதை விடப் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. பரங்கிக்காய்ல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணி. நம்ம ஊர் அக்டோபர் புழுக்கத்துல வெட்டின காய் ரெண்டு மூணு நாள்ல மெத்துனு ஆகி, பூஞ்சை கட்ட ஆரம்பிச்சுடும். நேரா ஊத்தினா, காய் கெடும்போது பாதி மெழுகும் அதோட மாட்டிக்கும். டம்ளர் முறையில கூடு கெட்டா கூட்டை மட்டும் தூக்கிப் போட்டுட்டு, டம்ளரை அப்படியே தொடர்ந்து ஏத்தலாம்.

எத்தனை நாளைக்கு? இந்த சைஸ் மெழுகுவர்த்தி மணிக்கு சுமார் 6 கிராம் எரியும். 90 கிராமுக்கு 15 மணி நேரம். கொலு ஒன்பது நாள், தினம் ஒன்றரை மணி நேரம் ஏத்தினா பதிமூன்றரை மணி நேரம். ஒரே டம்ளர்ல நவராத்திரி முழுக்க ஓடிடும். பரங்கிக் கூட்டை மட்டும் ஆயுத பூஜை, விஜயதசமி ரெண்டு நாளைக்கு வெட்டி வைங்க, ஃப்ரெஷ்ஷா இருக்கும்.

70 ரூபாய்ங்கறதும் முழு உண்மை இல்லை

கடையில போய் "90 கிராம் மெழுகு குடுங்க, 5.4 கிராம் வாசனை குடுங்க"னு கேட்க முடியாது. மெழுகு ஒரு கிலோ பாக்கெட், வாசனை எண்ணெய் 100 கிராம் பாட்டில், திரி ஒரு பாக்கெட் 100 ரூபாய்னு வாங்கித்தான் ஆகணும். நாலு மெழுகுவர்த்தி மட்டும் செய்யப் போறீங்கன்னா, 300 + 250 + 100 + நாலு டம்ளருக்கு 100. மொத்தம் 750. ஒண்ணுக்கு 187 ரூபாய்.

அதே ஒரு கிலோ மெழுகுல 11 மெழுகுவர்த்தி வரும். 300 + 250 + 100 + டம்ளருக்கு 275, மொத்தம் 925. ஒண்ணுக்கு 84 ரூபாய்.

அதனால வீட்டுத் தேவைக்குன்னா தனியா இறங்காதீங்க. ரூம்மேட், பக்கத்து ஃபிளாட் அக்கா, ஆபீஸ் தோழினு மூணு பேர் சேர்ந்து ஒரு கிலோ வாங்குங்க. ஆளுக்கு 308 ரூபாய், கையில மூணு நாலு மெழுகுவர்த்தி. மால்ல இதே சைஸ் ஒண்ணு 250 ரூபாய்னு வெச்சா, நாலுக்கு 1,000 ஆகும்.

ஆனா இதை மிச்சம்னு சொல்லணும்னா, நீங்க உண்மையிலேயே அந்த 1,000 ரூபாயைச் செலவு பண்ணப் போறவரா இருந்திருக்கணும். போன வருஷம் தீபாவளிக்கு அகல் விளக்கு மட்டும் வெச்சவர் இந்த வருஷம் 308 ரூபாய் போட்டா, அது மிச்சம் கிடையாது, புதுச் செலவு. செலவு பண்ணக் கூடாதுன்னு சொல்லலை. பண்டிகைச் சந்தோஷத்துக்கு 300 ரூபாய் தாராளமா பண்ணலாம். பட்ஜெட்ல "சேமிப்பு"னு எழுதாம "பண்டிகை"னு எழுதுங்க, அவ்வளவுதான்.

செய்முறை: தேவையானது மட்டும்

மெழுகுவர்த்தியில எரியறது திரி இல்லை, மெழுகுதான். சூட்டுல உருகின மெழுகு திரி வழியா மேல ஏறி, ஆவியாகி எரியுது. இது புரிஞ்சா கீழே சொல்ற ஒவ்வொண்ணும் ஏன்னு புரியும்.

1. மெழுகை நேரா அடுப்புல வைக்காதீங்க. பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்க, அதுக்குள்ள சின்னப் பாத்திரத்துல மெழுகு. தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, அதனால மெழுகும் தீப்பிடிக்கற சூட்டுக்குப் போகாது. சமையல் பாத்திரம் வேண்டாம். பழைய பாத்திரம் ஒண்ணை இதுக்குன்னே ஒதுக்குங்க.

2. சோயா மெழுகு 70 டிகிரி பக்கம் வந்ததும் அடுப்பை அணைச்சு, வாசனை எண்ணெயைச் சேர்த்து ரெண்டு நிமிஷம் மெதுவா கலக்குங்க. சென்ட், பாடி ஸ்ப்ரே சேர்க்கவே கூடாது, அதுல ஆல்கஹால் இருக்கு. கலருக்குக் குழந்தைங்க க்ரேயான் போட்டா திரி அடைச்சுக்கும், மெழுகுக்கான கலரையே வாங்குங்க.

3. திரியை டம்ளர் அடியில ஒரு சொட்டு மெழுகு வெச்சு ஒட்டி, மேல ரெண்டு ஐஸ் குச்சி நடுவுல நேரா நிக்க வைங்க. 55 முதல் 60 டிகிரிக்கு வந்ததும் ஊத்துங்க. ஃபேன் காத்து நேரா படாம ஒரு ராத்திரி ஆற விடுங்க. வேகமா ஆறினா மேல குழி விழும்.

4. சோயா மெழுகுல வாசனை பிடிக்க ஒரு வாரமாவது ஆகும். பண்டிகைக்கு முதல் நாள் செஞ்சுட்டு "வாசனையே வரலை"ன்னு புலம்ப வேண்டாம்.

5. பரங்கியைக் குடைஞ்சதும் உள்ளே துணியால ஈரத்தை ஒத்தி எடுத்து, வினிகர் கலந்த தண்ணியால துடைச்சு, ஃபேன் அடியில காய விடுங்க. பூஞ்சை கொஞ்சம் தள்ளிப் போகும். நேரா மெழுகு ஊத்தறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். உள்ளே ஈரம் இருந்தா எரியும்போது படபடன்னு தெறிக்கும்.

6. ஒவ்வொரு தடவை ஏத்தறதுக்கு முன்னாடியும் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டுங்க. முதல் தடவை ஏத்தும்போது மேல் மெழுகு ஓரம் வரைக்கும் உருகற வரை அணைக்காதீங்க. இல்லேன்னா நடுவுல மட்டும் குழி விழுந்து பாதி மெழுகு வீணாயிடும்.

7. கொலுப் படித் துணி, திரைச்சீலை, மின் விளக்குச் சரம், இதெல்லாம் கிட்ட இருந்தா ஏத்தாதீங்க. உருக்கும்போது தீப்பிடிச்சா அடுப்பை அணைச்சு, பாத்திரத்தை மூடியால மூடுங்க. தண்ணி ஊத்தவே கூடாது, தீ இன்னும் பரவும். மிச்ச மெழுகை சிங்க்ல கொட்டாதீங்க. பிளம்பர் செலவு, மெழுகுச் செலவை விட ஜாஸ்தி.

இப்போ பெரிய கேள்வி: வித்தா என்ன கிடைக்கும்?

மெழுகுவர்த்திக் கணக்குக்கு முன்னாடி இன்னொரு கணக்கு. உங்க ஒரு மணி நேரத்தோட விலை என்ன? இதைத்தான் எந்த ரீல்ஸும் கேட்கறதில்லை.

கைக்கு வர்ற சம்பளம் 35,000. மாசம் 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம், 198 மணி நேரம். போக வர தினம் ஒன்றரை மணி நேரம், 33 மணி நேரம். ஆக மொத்தம் 231 மணி நேரம். 35,000-ஐ 231-ஆல வகுத்தா சுமார் 151 ரூபாய். சைட் இன்கம் உங்களுக்கு மணிக்கு 151-க்குக் கீழ குடுத்தா, உங்க வேலையை விடக் குறைஞ்ச கூலிக்கு உங்களையே நீங்க வேலைக்கு வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

இப்போ தீபாவளிக்கு 100 மெழுகுவர்த்தி செஞ்சு, ஒரு கண்காட்சியில ரெண்டு நாள் ஸ்டால் போட்டு, ஒண்ணு 199 ரூபாய்க்கு விக்கறோம்னு வைங்க. பரங்கிக் கூடு இதுல வராது. ரெண்டு நாள்ல கெடற பொருளை ஸ்டாக் வைக்க முடியாது. டம்ளர் மெழுகுவர்த்தி மட்டும்தான்.

- பொருள் செலவு: 70
- பெட்டி, லேபிள், பபிள் ஷீட்: 25
- சோதனைக்கு எரிச்சது, சரியா வராதது: 7
- ஸ்டால் வாடகை 2,000, ஒண்ணுக்கு: 20
- மொத்தம் ஒண்ணுக்கு 122, நூறுக்கு 12,200

நேரம்: பொருள் வாங்க 4 மணி, பத்துப் பத்தா செய்ய 13 மணி, பேக்கிங் 5 மணி, ஸ்டால் 14 மணி, போட்டோ, மெசேஜ் 4 மணி. மொத்தம் 40 மணி நேரம்.

- நூறும் வித்தா: வரவு 19,900. மிச்சம் 7,700. மணிக்கு 192 ரூபாய்.
- எண்பது வித்தா: வரவு 15,920. மிச்சம் 3,720. மணிக்கு 93 ரூபாய்.
- அறுபது வித்தா: வரவு 11,940. கைநஷ்டம் 260 ரூபாய். 40 மணி நேரம் இலவச வேலை.

முதல் 61 மெழுகுவர்த்தி வரைக்கும் உங்களுக்கு ஒரு பைசா கிடையாது. லாபம் முழுக்க கடைசி 39-லதான் இருக்கு. "ஒண்ணுக்கு 77 ரூபாய் லாபம்"னு யாராவது சொன்னா, அது எல்லாம் வித்ததுக்கு அப்புறம் வர்ற நம்பர்.

"விக்காததை அடுத்த வருஷம் விக்கலாமே?" விக்கலாம். மெழுகு கெடாது. ஆனா வாசனை குறையும், டிசைன் பழசாகும், உங்க காசும் ஒரு வருஷம் அட்டைப் பெட்டிக்குள்ள தூங்கும். நவராத்திரிக்கு முன்னாடி மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில கொலு பொம்மைக்குக் கூட்டம் நெரியுது இல்லையா? விஜயதசமிக்கு மறுநாள் அதே பொம்மையை வாங்க எத்தனை பேர் வருவாங்க? சீசன் பொருளுக்கு எக்ஸ்பயரி டேட் லேபிள்ல இருக்காது, காலண்டர்ல இருக்கும்.

ஆர்டர் முதல்ல, மெழுகு அப்புறம்

இதே தொழிலை வேற மாதிரி பண்ணிப் பார்ப்போம். மூணு மாதிரி பீஸ் மட்டும் செஞ்சு, போட்டோ எடுத்து, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்லயும் ஆபீஸ் குரூப்லயும் போடுங்க. விலை 199, அட்வான்ஸ் 100 ரூபாய். 40 ஆர்டர் வந்ததும் நிறுத்திடுங்க.

ஸ்டால் வாடகை இல்லாததால செலவு ஒண்ணுக்கு 102, நாற்பதுக்கு 4,080. அட்வான்ஸாவே 4,000 கைக்கு வந்துடுது. உங்க பாக்கெட்ல இருந்து போறது வெறும் 80 ரூபாய். மொத்த வரவு 7,960. மிச்சம் 3,880. நேரம்: வாங்க 4, செய்ய 5, பேக்கிங் 2, மெசேஜ் 3, கொண்டு போய்க் குடுக்க 2, மொத்தம் 16 மணி நேரம். மணிக்கு 242 ரூபாய். தராசும் தெர்மாமீட்டரும் புதுசா 1,000 ரூபாய்க்கு வாங்கி, அதை முழுக்க இந்த ஒரே சீசன்ல கழிச்சாலும் மணிக்கு 180 நிக்குது.

நூறு பீஸ் வித்ததை விட மொத்த லாபம் பாதிதான். ஆனா மணிக்கணக்குல அதிகம், ஸ்டாக் ரிஸ்க் கிட்டத்தட்ட பூஜ்யம். சம்பளம் வாங்கறவருக்கு நேரம் குறைவு, நஷ்டம் தாங்கற சக்தியும் குறைவு. அதனால மணிக்கு எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு, இந்த ரெண்டு நம்பரைத்தான் முதல்ல பார்க்கணும்.

செலவை இன்னும் குறைக்க ஒரு வழி, கொட்டாங்குச்சி. டம்ளருக்கான 25 ரூபாய் மிச்சம், பரங்கி மாதிரி அழுகாது, நம்ம ஊர் லுக்கும் வரும். கண் இல்லாத பாதியை எடுங்க, கண் இருக்கற பாதியில மெழுகு ஒழுகும். நாரைத் தேய்ச்சு எடுத்துட்டு, திரியை சரியா நடுவுல வைங்க. கொட்டாங்குச்சி தானே எரியற பொருள். அதனால அடியில ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போதே அணைக்கணும், தட்டு மேல வெச்சுத்தான் ஏத்தணும்னு வாங்கறவங்களுக்கு எழுதிக் குடுங்க.

பொருள் வாங்க கோட்டூர்புரத்துல பறக்கும் ரயில் ஏறி கடற்கரை ஸ்டேஷன்ல இறங்கினா, பாரிஸ் பக்க மொத்த விலைக் கடைகள்ல மெழுகு, டம்ளர், பெட்டியெல்லாம் விசாரிக்கலாம். ஆன்லைன் விலையையும் டெலிவரி சார்ஜோட சேர்த்து ஒப்பிடுங்க. கத்துக்கறதுக்கு 18,000 ரூபாய் கிட் எதுக்கு? கிண்டி பக்கம் தமிழ்நாடு அரசோட தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் சின்னத் தொழில்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி நடத்துது. எப்போ, என்ன கட்டணம்னு கேட்டுட்டுப் போங்க. 2010-ல திறந்த நம்ம அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கவே இருக்கு. அங்க உட்கார்ந்து படிக்க காசு கிடையாது.

கார்டுல போடலாமா?

18,000 ரூபாயைக் கார்டுல போட்டு, மினிமம் டியூ மட்டும் கட்டறீங்கன்னு வைங்க. வட்டி மாசம் 3.5 சதவீதம்னா முதல் மாசமே 630 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., மொத்தம் 743. ஒரு மெழுகுவர்த்தியில 77 ரூபாய் நிக்குதுன்னா, வட்டி கட்டவே மாசம் பத்து மெழுகுவர்த்தி விக்கணும். சீசன் முடிஞ்ச ஜனவரியில அந்தப் பத்தை யார் வாங்குவா? வருஷத்துக்கு 42 சதவீதம் வட்டியை ஜெயிக்கற லாபம் ஒரு புதுத் தொழில்ல முதல் வருஷமே வரும்னு நம்பறது கஷ்டம்.

எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க. கையிலிருந்து போடற காசு, முழுசா போனாலும் அடுத்த மாச வாடகையும் எஸ்.ஐ.பி.யும் பாதிக்காத அளவுக்குள்ள இருக்கட்டும். 35,000 சம்பளத்துல அது ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல இருக்கறது கஷ்டம்தான்.

டாக்ஸ், ஆபீஸ்: சுருக்கமா

- ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. "அனுமதி இல்லாம வேற தொழில் கூடாது"ன்னு இருந்தா, ஹெச்.ஆர்.க்கு ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கிடுங்க. 2022 செப்டம்பர்ல, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை நீக்கினதா விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி சொன்னது ஞாபகம் இருக்கும். மெழுகுவர்த்தி போட்டி இல்லைதான். ஆனா ஒப்பந்த வரி என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு.

- இந்த வருமானம் உங்க சம்பளத்தோட சேரும். தொழில் வருமானம் இருந்தா ஐ.டி.ஆர்-1 போட முடியாது. சின்னத் தொழிலுக்கான ஊக வருமான முறையில ஐ.டி.ஆர்-4 போடலாம். அதுல டிஜிட்டலா வாங்கின வரவுக்குக் குறைஞ்சது 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபமா காட்டணும்.

- பழைய வரி முறையில இருக்கறவங்க கவனம். சம்பளம் மட்டும் இருந்தா வருஷா வருஷம் பழசு, புதுசுன்னு மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அப்படி மாறி மாறிப் போக முடியாது. 3,880 ரூபாய்க்காக அந்த சுதந்திரம் போகுதான்னு உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

- தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விக்கறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தான் பொதுவா ஜி.எஸ்.டி. பதிவு. வெளி மாநிலத்துக்கு அனுப்பினா விதி வேற, அனுப்பறதுக்கு முன்னாடி விசாரிங்க. உத்யம் பதிவு இலவசம், அதுக்குக் காசு கேட்கற வெப்சைட் பக்கம் போகாதீங்க.

- பேக் பண்ணி விக்கறீங்கன்னா எடை, விலை, தயாரிச்ச மாதம், உங்க பேர், முகவரி எல்லாம் லேபிள்ல இருக்கணும்.

முடிவா என்ன பண்ணலாம்?

வீட்டுக்கா? மூணு பேர் சேர்ந்து ஒரு கிலோ மெழுகு, டம்ளர் முறை, பரங்கிக் கூடு கடைசி ரெண்டு நாளைக்கு. ஆளுக்கு 308 ரூபாய், கூட்டும் ரெடி.

விக்கறதுக்கா? மூணு மாதிரி பீஸ், அட்வான்ஸ் வாங்கின ஆர்டர், நாற்பதுக்கு மேல வேண்டாம். சீசன் முடிஞ்சதும் மணிக்கு எவ்வளவு நின்னுதுன்னு போட்டுப் பாருங்க. உங்க சம்பள மணி ரேட்டைத் தாண்டினா கார்த்திகை தீபத்துக்கு அடுத்த ரவுண்ட். தாண்டலைன்னா, அது ஒரு நல்ல ஹாபி. ஹாபியா வெச்சுக்கறதுல ஒரு தப்பும் இல்லை, அதுக்கு இ.எம்.ஐ. மட்டும் வேண்டாம்.

18,000 ரூபாய் கிட்டா? முதல் நாற்பது ஆர்டரை முடிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம். அநேகமா அப்போ அது தேவைப்படாது.

இந்தக் கணக்கோட எக்ஸெல் ஷீட்டை வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன். உங்க சம்பளம், உங்க ஏரியா விலை ரெண்டையும் போட்டுப் பார்த்துட்டு, உங்க மணி ரேட் எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.